மீரிமின் ஆண்டு விருந்து

குதிரையை எர்மெக் முதலில் பார்க்கவில்லை. அதன் மூச்சைத்தான் பார்த்தான். அண்ணன் வீட்டு மண்சுவருக்கு மேலே வெள்ளையாக எழும்பி, அக்டோபர் குளிரில் கலைந்துகொண்டிருந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த வேன் அவனைச் சொந்த ஊரான கொச்கோரின் சந்தையருகே இறக்கிவிட்டிருந்தது. அங்கிருந்து நடந்து வந்தவன் வாசலைத் தாண்டியதும் நின்றான். செம்பழுப்பு நிறப் பெட்டைக்குதிரை. ஆப்பிள் மரத்தில் கட்டியிருந்தார்கள். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த வயிறு நன்றாகச் சரிந்திருந்தது.

எதற்கென்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளை மறுநாள் மீரிமின் ஆண்டு விருந்து.

மீரிம் அவன் மனைவி. போன அக்டோபரில் இறந்தாள். வயது இருபத்தொன்பது. ஆஸ்பத்திரியில், மூச்சு திணறாத ஒரு மத்தியான நேரத்தில், அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்காக எதையும் அறுக்க விடாதே, எர்மெக். நாப்பதாம் நாளுக்கும் வேண்டாம். வருஷத்துக்கும் வேண்டாம்."

சரி என்றான்.

நாற்பதாம் நாளன்று அவன் இந்த வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். எழுந்து வந்தபோது ஆடு கொப்பரையில் வெந்துகொண்டிருந்தது. மீதமிருந்தது ஆண்டு விருந்து மட்டும்தான். அதற்குமேல் இறந்தவர் பெயரில் கூடும் பெரிய விருந்து கிடையாது. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற இனி ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அண்ணி சமீரா முற்றத்தில் பெரிய தட்டில், போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளுக்காக, மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு.

"வா கொழுந்தனாரே. என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட? கறி தொடாதவனுக்கு வைக்கோல் வேணா புதுசா வந்திருக்கு. ஒரு கட்டு பிரிச்சுப் போடட்டுமா?"

"போடுங்க அண்ணி. உப்பு தூவிப் போடுங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு மாவுக் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத் தனியா எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன். சூரியகாந்தி. உன் போர்சோக்கை அதுலதான் பொரிக்கப் போறேன், கொழுப்புல இல்ல. சட்டியையும் மூணு தடவ தேய்ச்சாச்சு."

"குதிரை எதுக்கு அண்ணி?"

"அதை உங்க அண்ணன்கிட்ட கேளு. என்னைக் கேட்டா நான் மாவைப் பிசைவேன்."

அண்ணன் நுர்போலோத் கொட்டகையிலிருந்து அடுப்பு விறகு சுமந்து வந்தான். தம்பியை விட எட்டு வயது மூத்தவன். அப்பா போன பிறகு வீட்டின் பெரிய தலை. விறகைப் போட்டுவிட்டு எர்மெக்கின் தோளை இறுக்கிப் பிடித்தான். அவன் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தான்.

"நீ ஜூன்ல போன்ல சொன்னது ஞாபகம் இருக்கு. வந்து பேசிக்கலாம்னு சொன்னேன். இப்பப் பேசு."

"அவ கேட்டுக்கிட்டா அண்ணே. நான் வார்த்தை கொடுத்திருக்கேன்."

"செத்துக்கிட்டு இருக்கிறவ கேட்டா யார்தான் சரின்னு சொல்ல மாட்டான்? நானும் சொல்லியிருப்பேன்."

"அரிசி, கேரட், கொண்டைக்கடலை போட்டுப் புலாவ் பண்ணலாம். போர்சோக் இருக்கு. காய்ஞ்ச பழம் இருக்கு. குர்ஆன் ஓதலாம்."

"பாதி கொச்கோர் வரும். ஜும்காலிலிருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க இருபது பேர் வர்றாங்க. கேரட்டைக் கடிச்சுட்டுப் போயி என்ன சொல்வாங்க? எங்க பொண்ண வாங்கிட்டுப் போனாங்க, புதைச்சாங்க, ஒரு குதிரைக்குக்கூட அவ பெறலன்னு சொல்வாங்க." நுர்போலோத் குரலைத் தாழ்த்தினான். "தம்பி, அந்தப் பக்கம் வழி ரொம்பத் தூரமாம். அவ நடந்தா போகணும்?"

எர்மெக்குக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்பிக்கை இருந்ததா என்றால் அதுவும் தெரியாது. ஆனால் அண்ணன் நம்பினான். குதிரை அவனுடைய மந்தையிலேயே நல்லது.

"நாளைக்கு எல்லாரும் இருக்கிறப்ப நானே சொல்லிடறேன். பழி என் தலையில விழட்டும்."

"சொல்லு. நான் உன் வாயைப் பொத்த மாட்டேன்," என்றான் அண்ணன்.

மீரிம் கால்நடை மருத்துவம் படித்தவள். பிஷ்கெக் சந்தை ஒன்றின் பரிசோதனைச் சாவடியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். விடிந்ததும் வண்டிகளில் அறுத்த ஆடுமாடுகளின் உடல்கள் வரும். ஈரலைக் கீறிப் பார்க்க வேண்டும், நுரையீரலை அழுத்திப் பார்க்க வேண்டும், தொடையில் ஊதா முத்திரை குத்த வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, விரலிடுக்கில் ஊதா மையோடு, "இனிமே எனக்கு இறைச்சி வேண்டாம்," என்றாள். ஒரு மாதம் கழித்துப் பாலும் போனது. அதற்குப் பிறகு வெண்ணெய், முட்டை, தேன். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. எர்மெக் கேட்டபோது, "ஆரோக்கியமா இருந்துச்சு எல்லாமே. முத்திரை குத்தின எல்லாமே நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள்.

இந்த நாட்டில் அப்படி வாழ்வது சுலபமில்லை. விருந்துக்குப் போனால் வயதுக்கும் முறைக்கும் தகுந்த எலும்பு, இறைச்சியோடு, கைக்கு வரும். மறுத்தால் கொடுத்தவருக்கு அவமானம். மீரிம் மறுத்ததில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள், மாடியிலிருக்கும் ரஷ்யக் கிழவிக்குக் கொடுப்பாள். அம்மா கொடுத்த கம்பளி விரிப்பைத் தூக்கிப் போடவில்லை. பழைய தோல் பூட்ஸைக் கிழியும்வரை போட்டாள். "இதை எறிஞ்சா மாடு எழுந்து வந்துடுமா?" என்பாள். சில நாள் அவளே தன்மீது எரிச்சல்படுவாள். கையில் வாங்குவது சரி, வாயில் போடுவது தப்பு என்றால் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்பாள். எர்மெக் வீட்டில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் சம்சா விற்கும் கடையில் வாரம் இரண்டு முறை ஆட்டிறைச்சி சம்சா சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தான். அவளுக்குத் தெரிந்திருக்கும். மோப்பம் பிடித்துத்தானே இரண்டு வருஷம் சம்பளம் வாங்கினாள்.

அதெல்லாம் சின்ன விஷயம். பெரியது வேறு.

ரத்தத்தில் நோய் வந்தபின் அவள் சாப்பிடுவதே குறைந்தது. மாத்திரைகளில் சிலவற்றின் உறை மாட்டெலும்பிலிருந்து செய்தது. அது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்குவாள். பிறகு அவளுடைய அம்மா புருல்கான் ஜும்காலிலிருந்து குதிரையெலும்புச் சாறு காய்ச்சி, பெரிய ஜாடியில் எடுத்துக்கொண்டு வந்தாள். மீரிம் தலையசைத்தாள். வேண்டாம். அம்மா ஜாடியை விட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். எர்மெக் அதைக் கொட்டவில்லை. சிவப்புப் பருப்புச் சாற்றில் தினமும் ஒரு கரண்டி கலந்தான். பதினோரு நாள். ஜாடி தீரும்வரை.

"இன்னைக்கு நல்லா இருக்கு," என்றாள் மீரிம் மூன்றாம் நாள். கிண்ணத்தைக் காலி செய்தாள்.

மாத்திரையை அவள் தெரிந்து விழுங்கினாள். அது அவள் செய்துகொண்ட சமரசம். சாறு அப்படியில்லை. இருபத்தாறு நாள் கழித்து அவள் இறந்தாள். அன்றிலிருந்து எர்மெக் மிருகத்திலிருந்து வந்த எதையும் தொடவில்லை. தேனில்லை, பாலில்லை, கம்பளிக் கையுறைகூட இல்லை. போன குளிர்காலம் விரல்கள் வெடித்துப் போயின. இரக்கத்தால் இப்படி இருக்கிறோமா, தண்டனையாகவா என்று அவ்வப்போது யோசிப்பான். யோசனை எங்கும் போய்ச் சேராது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்துக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். புருல்கான் கறுப்புச் சால்வையில் முன்னால் நின்றாள். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தாள். எர்மெக்கை அணைத்து, நெற்றியில் முத்தமிட்டு, "எலும்பா இருக்கியே மாப்பிள்ளே," என்றாள்.

நுர்போலோத் குதிரையை அவிழ்த்து நடத்தி வந்தான். ஊரில் மூத்தவரான அசனாலியை அழைத்தார்கள். எண்பதை நெருங்குகிறவர், முழங்கால் இரண்டும் போனவர், வாய் மட்டும் போகவில்லை. எர்மெக் இறைச்சி சாப்பிடாத விஷயம் ஊருக்கே தெரியும். அவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"டேய், நான் போனா உன் பேச்சைக் கேட்டு ஒரு பீட்ரூட்டை அறுத்துடப் போறாங்க. எழுதி வச்சுட்டுத்தான் சாகணும் போல."

கூட்டம் சிரித்தது. எர்மெக்கும் உதட்டை அசைத்தான். இப்போது சொல்ல வேண்டும். வேனில் நான்கு மணி நேரம் மனதுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. இது மீரிமின் விருப்பமில்லை, குதிரையை அவிழ்த்துவிடுங்கள். ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

குதிரை அவன் பக்கம் முகத்தைத் திருப்பிற்று. மூக்கு ஈரமாக இருந்தது. நுர்போலோத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்தான். சொன்ன சொல்படி தம்பியின் வாயைப் பொத்தவில்லை.

அசனாலி உள்ளங்கைகளை விரித்தார். எழுபது பேர் உள்ளங்கைகளை விரித்தார்கள். கிழவரின் குரல் எங்கிருந்தோ பலம் பெற்று எழுந்தது. மீரிமின் பெயரைச் சொன்னார். அவள் அப்பாவின் பெயரைச் சொன்னார். வழி வெளிச்சமாகட்டும் என்றார், இருக்கிறவர்களுக்கு ஆயுள் நீளட்டும் என்றார், இந்த உயிர் அவள் பேரில் ஏற்கப்படட்டும் என்றார்.

"ஓமின்."

அப்படியே ஆகட்டும் என்று சொல்லி எழுபது பேர் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். முகத்திலிருந்து கைகள் இறங்கியபோதுதான் எர்மெக் தன் கைகளைக் கண்டான். அவையும் இறங்கிக்கொண்டிருந்தன. கன்னத்தில் உள்ளங்கையின் சூடு இன்னும் இருந்தது. நடக்கப் பழகிய வயதிலிருந்து, யார் பேச்சை முடித்தாலும், எந்தச் சாப்பாட்டை முடித்தாலும் தூக்கிய கைகள். அவனைக் கேட்காமலே, தூங்குகிறவன் கை போல, எழுந்து இறங்கிவிட்டன. வாய்கூட "ஓமின்" என்றிருந்தது.

அவ்வளவுதான். கைதூக்கி வேண்டிக்கொண்ட மிருகத்தைத் திரும்ப அவிழ்த்து விடும் வழக்கம் இல்லை. அது இனி அண்ணனுடையதல்ல, எர்மெக்குடையதுமல்ல. அது மீரிமுடையது.

நுர்போலோத் இன்னும் ஒரு நொடி பார்த்தான். பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். நான்கைந்து ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொடர்ந்தார்கள்.

வீட்டுக்குப் பின்புறம் ஓடும் வாய்க்காலுக்கு எர்மெக் வந்துவிட்டான். அண்ணியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குடல் கழுவ இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கேதான் வருவார்கள். அதற்குள் எங்காவது போய்விட வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் எதற்கும் வந்ததில்லை.

பின்னால் சருகு நொறுங்கியது. புருல்கான்.

"உங்க அண்ணன் சொன்னான். மீரிம் வேண்டாம்னாளாமே."

"ஆமா அத்தை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "விட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா தெரிஞ்சு சண்டை போட்டிருப்பேன்." கல்லின் மறுமுனையில் மெல்ல உட்கார்ந்தாள். "அவ கடைசியா எங்கையால ஒரு வாய்கூட வாங்கிக்கல மாப்பிள்ளே. ரெண்டு நாள் காய்ச்சின சாறு. அடுப்பை விட்டு எழுந்திருக்கல. தலையைத் திருப்பிக்கிட்டா. ஒரு வருஷமா எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது. பெத்தவ கையை வேண்டாம்னுட்டுப் போயிட்டா."

வாய்க்கால் தண்ணீரில் ஆப்பிள் இலைகள் போய்க்கொண்டிருந்தன. எர்மெக் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தான்.

"குடிச்சா அத்தை."

"என்னது?"

"உங்க சாறு. பருப்புல கலந்து கொடுத்தேன். அவளுக்குத் தெரியாது. தினம் ஒரு கரண்டி."

புருல்கான் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எத்தனை நாள்?"

"பதினோரு நாள். ஜாடி தீர்ற வரைக்கும்."

"பிடிச்சிருந்ததா?"

"நல்லா இருக்குன்னா."

கிழவியின் முகம் குலைந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை. சால்வையின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். "குடிச்சாளா எம்பொண்ணு... குடிச்சாளா..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் தலையைப் பிடித்து இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். "நீ நல்லா இருப்பே. நீ நல்லா இருப்பே."

தன் வாழ்க்கையில் செய்த மிகக் கேவலமான காரியம் என்று அவன் எண்ணியிருந்தது அவள் மடியில் பிரசாதம் போலக் கிடந்தது. திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியாது. மீரிமிடம் மன்னிப்புக் கேட்கவும் முடியாது. கொட்டகைப் பக்கம் ஆண்களின் பேச்சு அடங்கி, பிறகு மறுபடி கேட்டது. முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் விருந்து. வந்தவர்களை எண்ண முடியவில்லை. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வெந்த இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கினார்கள். வீட்டுக்காரன் நறுக்காமல் இருக்க முடியாது. எர்மெக்கும் கத்தியை வாங்கிக்கொண்டான். இரண்டு மணி நேரம் நறுக்கினான். விரல்களில் கொழுப்பு உறைந்தது. வாசனை அவனுக்குப் பிடித்திருந்தது, அதை அவன் மறைத்துக்கொள்ளவில்லை. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. ஒரு வருஷம் என்பது நாக்குக்கு ஒன்றுமில்லை போல.

கூடாரத்துக்குள் பெரியவர்களுக்கு எலும்பு பரிமாறினார்கள். இழையிழையாக வெட்டி வேகவைத்த மாவோடு கலந்த இறைச்சித் தட்டு நடுவில் வந்தது. எர்மெக் வாசலோரம், வீட்டுக்காரனின் இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் சமீரா சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் வெறும் தேநீரும் வைத்திருந்தாள்.

புருல்கான் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். விரல்களால் சேர்த்து உருட்டினாள். கையை நீட்டினாள்.

"மாப்பிள்ளே, இங்க வா."

கூடாரத்தில் பேச்சு நின்றது. பெரியவர்கள் தம் கையால் அள்ளி ஊட்டினால் வாயைத் திறக்க வேண்டும். அதைவிட அன்பு காட்ட அவர்களிடம் வேறு முறை இல்லை. திறக்காத வாயை எர்மெக் தன் ஆயுளில் பார்த்ததில்லை. மீரிம்கூடக் கையில்தான் வாங்குவாள். வாய்க்கு வந்தபோது என்ன செய்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவளுக்கு அப்படி ஊட்டி அவன் பார்த்ததில்லை.

எழுந்து போய் அவள் முன்னால் மண்டியிட்டான். கை அவன் முகத்துக்கு நேரே இருந்தது. ஆவி எழுந்தது.

"அவ குடிச்சா இல்ல? நீயும் ஒரு வாய் வாங்கு. உடம்பு தேறும். எனக்கும் மனசு ஆறும்."

பதினோரு நாள் ஒருத்தியின் மனதுக்குத் தெரியாமல் உடம்புக்குக் கொடுத்தான். இன்று ஒருத்தியின் மனது ஆறத் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். கேட்கிறவள் மீரிமின் அம்மா. கேட்பது ஒரு கவளம். வாயைத் திறந்தால் இந்த முற்றமே நிம்மதியாகும்.

"அத்தை," என்றான். குரல் சின்னதாக வந்தது. மறுபடி தொடங்கினான். "எல்லாரும் கேளுங்க. எனக்காக எதையும் அறுக்க வேண்டாம்னு மீரிம் எங்கிட்டக் கேட்டுக்கிட்டா. நான் சரின்னேன். நேத்து அதைச் சொல்றதுக்குத்தான் நின்னேன். சொல்லல. கையைத் தூக்கிட்டேன்."

அசனாலி எலும்பைத் தட்டில் வைத்தார்.

"வாயிருந்ததே உனக்கு. நேத்தே திறந்திருக்கலாமே?"

"திறந்திருக்கணும் தாத்தா."

"நேத்து சொல்லியிருந்தா கேட்டிருப்போமோ என்னவோ. அது வேற." கிழவர் தாடியைத் தடவினார். "குதிரை போயாச்சு. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப சம்பந்தியம்மா கையைத் தொங்க விடாதே."

புருல்கானின் கை நீட்டியபடியே இருந்தது.

"அவளுக்காகத்தான் வேண்டாங்கிறியா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளும் அப்படித்தான் என்று சொல்லியிருப்பான். இப்போது அது பொய்யாகிவிடும். அவளுக்காகச் செய்ய இருந்ததை நேற்றுத் தவறவிட்டான். இனி அவள் பெயரைச் சொல்லி ஒதுங்க இடமில்லை.

"இல்ல அத்தை. அவளுக்குக் கொடுத்த வார்த்தை போயிடுச்சு. இது எனக்கு. எனக்கே வேண்டாம்."

"வாசம் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. நறுக்கும்போதே நாக்குல தண்ணி ஊறிச்சு."

"பின்ன ஏண்டா?"

"சரியாச் சொல்லத் தெரியல. நேத்து அது என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. வேற பதில் எங்கிட்ட இல்ல."

அவன் கைகளை நீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. பையில் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து அப்படியே இருந்தான். நுர்போலோத் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ இருமினார்கள்.

புருல்கான் கையை மெல்ல மடக்கினாள். கவளத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். அவனைப் பார்க்காமல் மென்றாள். நீண்ட நேரம் மென்றாள். விழுங்கும்போது கழுத்து நரம்பு எழுந்து இறங்கியது. தோளில் ஒரு கை விழும், ஒரு வார்த்தை வரும் என்று எர்மெக் எதிர்பார்த்தான். வரவில்லை.

கூடாரத்தில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சாப்பாடு முடிந்ததும் எர்மெக் செம்பும் தட்டும் துண்டும் எடுத்துக்கொண்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது வீட்டு இளையவன் வேலை. மூத்தவரிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தான். சிலர் அவன் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. புருல்கானிடம் வந்தபோது மண்டியிட்டான். அவள் கொழுப்புப் படிந்த கைகளை நீட்டினாள். வெந்நீர் விட்டான். அவள் நிதானமாக, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.

ஊற்றினான்.